போல்ட்ரூன் என்ற சொல்லும் அப்பாவின் வலக்கையும்

இந்த ஊரில் திசையைக் கட்டைவிரலால் காட்டுகிறார்கள். நான்கு விரல்களை உள்ளங்கைக்குள் மடக்கி, அவற்றின் மேல் கட்டைவிரலை நீட்டி, உடம்பைச் சற்றே வளைத்து, 'அதோ, அந்தப் பக்கம்' என்கிறார்கள். சுட்டுவிரலை நீட்டுவது மரியாதைக் குறைவு. மலாக்காவுக்கு வந்த முதல் வாரத்தில், காஜா பெராங் சாலையோரம் நின்று ஒரு சிறு கோவிலைச் சுட்டுவிரலால் காட்டி, அது எந்தச் சாமிக்கு உரியது என்று எதிர்வீட்டுப் பீபி லெட்சுமியிடம் கேட்டேன்.  அவர் என் விரலைத் தம் கைக்குள் வாங்கி, குழந்தையின் விரலை மடக்குவதுபோல் மடக்கி, கட்டைவிரலை நிமிர்த்தி வைத்து, "ஜாங்ஙான் மாச்சாம் இத்து" என்றார். அப்படிச் செய்யாதே என்று பொருள். அதற்குப் பிறகுதான், "மாரியம்மான்" என்ற பதில் வந்தது. சுட்டுவதற்கென்றே ஒரு விரலுக்குப் பெயர் வைத்திருக்கும் மொழியிலிருந்து வந்தவள் நான். என் கையே எனக்குப் புதிதாகத் தெரிந்தது.

பீபி என்பது இங்கே அத்தை, பெரியம்மா போன்ற ஒரு முறைப்பெயர். பீபி லெட்சுமியும் அவரைச் சுற்றியிருக்கும் சில நூறு பேரும் செட்டிகள். பல தலைமுறைகளுக்கு முன்னால் நம் கரையிலிருந்து வணிகத்துக்காக வந்து, இங்கேயே மணந்து, இங்கேயே தங்கிவிட்டவர்களின் வழிவந்தவர்கள். அவர்கள் வீட்டு நிலைப்படியில் மாவிலைத் தோரணம் உண்டு. நெற்றியில் திருநீறு உண்டு. வாயில் தமிழ் இல்லை. அம்மனிடம் மழையும் பிள்ளையும் கேட்பது மலாய் மொழியில். நாகப்பட்டினத்தில் இதைப் படிப்பவர்கள் சிரிக்கக்கூடும். நானும் முதலில் சிரித்தேன். பிறகு, மொழியைத் தொலைத்த பின்னும் தோரணத்தைத் தொலைக்காதவர்களைப் பார்த்து, நான் இங்கே எதை முதலில் தொலைப்பேன் என்று யோசிக்கத் தொடங்கினேன்.

கட்டைவிரலைப் பற்றித் தொடங்கியதற்குக் காரணம் உண்டு. என் அப்பாவுக்கு வலக்கையில் கட்டைவிரல் இல்லை. அடிமூட்டோடு போய்விட்டது. காஜா பெராங்கில் அவர் ஒரு ஒட்டுக்கடை வைத்திருக்கிறார். சீனர் ஒருவருடைய மளிகைக் கடையின் பக்கச்சுவரில் தகரம் சாய்த்து, இரண்டு பெஞ்சு போட்ட தேநீர்க் கடை. வழிப்போக்கர்கள் அங்கே நின்று வழி கேட்பார்கள். அப்பா கையால் காட்ட மாட்டார். தேநீர்க் குவளையை வைத்துவிட்டு, தோளில் கிடக்கும் துண்டை வலக்கையின் மேல் போட்டுக்கொண்டு, கேட்டவருடன் தாமே நடந்துபோய் முனையில் திருப்பிவிட்டு வருவார். இதனால் மலாய்க்காரர்களிடையே அவருக்கு மிகப் பண்பானவர் என்று பெயர். நம்மவர்களிடையே அது கேலி.

"அண்ணே மறுபடியும் சாமி ஊர்வலம் கெளம்பிட்டாருலா. நம்ம தேத்தண்ணி தெப்பக்கொளமாயிடும்" என்பார் லாரி ஓட்டும் சின்னப்பன்.

"ஆறுனா என்னய்யா, உன் வாயி சூடு பத்தாதா?" என்று பெஞ்சின் மறுமுனையிலிருந்து பதில் கொடுப்பவர் அஞ்சலையக்கா. பண்டார் ஹிலிரில் படக்கொட்டகை வாசலில் கச்சான், அதாவது வேர்க்கடலை, விற்பவர். ஐம்பதை நெருங்கும் வயது. காலையில் கச்சான் தட்டைத் தலையில் ஏற்றுவதற்கு முன்னால் அப்பாவின் கடையில் ஒரு தேநீர். கடையில் எத்தனை பேர் காத்திருந்தாலும் முதல் குவளை அவருக்குத்தான் போகும். ஆனால் அப்பா அவர் முகத்தைப் பார்த்து நான் கண்டதில்லை. குவளையை வைப்பார், திரும்பிவிடுவார். இருவரும் ஒரே தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள் என்று மட்டும் எனக்குத் தெரியும். ரப்பர் மரத்தைத் தோட்டத்துத் தமிழர்கள் பால்மரம் என்கிறார்கள்.

அப்பாவை நான் முதன்முதலாகப் பார்த்தபோது எனக்குப் பதினெட்டு வயது. நான் கைக்குழந்தையாக இருந்தபோது அவர் கப்பலேறினார், யுத்தம் வந்தது, பிறகு அவர் வரவேயில்லை. அதுவரை அப்பா என்றால் எனக்குக் கையெழுத்துத்தான். இன்னும் சரியாகச் சொன்னால், இரண்டு கையெழுத்துகள். அம்மாவின் தகரப் பெட்டியில் இரண்டு கட்டுகள் இருந்தன. யுத்தத்துக்கு முந்தைய கட்டில் எழுத்துகள் வலப்பக்கம் சாய்ந்து, காற்றில் நடப்பவை போல இருக்கும். 'ழ' என்ற எழுத்து வரும் இடங்களில் அதன் கீழ்ச்சுழி நீண்டு அடுத்த எழுத்துக்கு அடியில் ஓடும். தம் பெயரான பழனிவேலை அவர் எழுதுவதைப் பார்த்தால், பெயருக்கே அடிக்கோடு இட்டதுபோல் தோன்றும். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கிய வயதில் அந்த 'ழ'வின் மேல் விரலை ஓட்டி ஓட்டி, அப்பா என்பவர் சாய்ந்து நடக்கும் உயரமான மனிதர் என்று நானே ஒரு முடிவுக்கு வந்திருந்தேன்.

யுத்த ஆண்டுகளில் கடிதமே இல்லை. யுத்தம் முடிந்து மறுபடி வந்த கடிதங்கள் வேறு கையால் எழுதப்பட்டிருந்தன. உருண்டையான, நேரான, கணக்குப்பிள்ளை எழுத்து. 'சௌக்கியம். அங்கும் சௌக்கியம் அறிய ஆவல். பாப்பா படிக்கிறாளா' என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இருக்காது. அம்மா முதல் கடிதத்தை வாங்கியதும் பிரிக்காமலேயே மேலுறையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே போய் இரண்டாவது கட்டுக்கு வேறு நிறத்தில் ஒரு நூல் எடுத்து வந்தாள். அவள் எதையும் வாய்விட்டுக் கேட்டதில்லை. ஆனால் நாகப்பட்டினத்தில், கடல் கடந்து போனவர்களின் மனைவிகள் நிறைந்த தெருவில், கையெழுத்து மாறினால் அதற்கு ஒரே ஒரு விளக்கம்தான் இருந்தது. பக்கத்து வீட்டிலேயே அதற்கு உதாரணம் இருந்தது. எழுதிக் கொடுக்க அங்கே ஒருத்தி வந்துவிட்டாள் என்று அம்மா நம்பினாள். நான் திருச்சியில் இண்டர்மீடியட் முடித்த ஆண்டில், அந்த நம்பிக்கையோடே போய்விட்டாள்.

பேருந்து நிலையத்தில் என்னை அழைத்துப்போக வந்திருந்தவர் உயரமாகவும் இல்லை, சாய்ந்தும் நடக்கவில்லை. வலக்கையைத் துண்டுக்குள் வைத்திருந்தார். வீட்டில் வேறொருத்தி இல்லை. ஒரு கட்டில், ஒரு பாய், ஒரு சாமிபடம். அன்று மாலை அவர் இடக்கையால் சோறு பரிமாறியபோது துண்டு நழுவியது. நான் பார்த்தேன் என்பதை அவர் பார்த்தார்.

"உளி பட்டுருச்சு. தோட்டத்துல" என்றார். மரத்தின் பட்டையைச் சீவும் கத்தியைத்தான் உளி என்கிறார்கள். நான் தலையசைத்தேன். கடிதங்களை எழுதியது ஜவுளிக்கடை ராவுத்தர் என்று அடுத்த வாரம் தெரிந்தது. தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவியபடி, "ஒங்கத்தா சொல்லச் சொல்ல எழுதுனேம்மா. மூணு வரிக்கு மேல அவருக்கு வார்த்தையே வராது" என்றார். அந்த உருண்டை எழுத்தைத் தம் கடைப் பற்றுச்சீட்டிலும் அவர் எழுதிக்கொண்டிருந்தார். அங்கேயே உட்கார்ந்து அழுதிருக்க வேண்டும். எனக்கு அப்படிப் பழக்கமில்லை. இரண்டு கெஜம் வாயில் துணி வாங்கிக்கொண்டு வீடு திரும்பினேன். ஒரு வரி போதுமாக இருந்ததே என்ற எண்ணம் மட்டும் அதன்பின் என்னை விடவில்லை. கையில் காயம், அதனால் வேறொருவர் எழுதுகிறார் என்று ஒரே ஒரு வரி. அதை ஏன் இவர் எழுதச் சொல்லவில்லை? ஏன் ஒருமுறைகூட ஊருக்கு வரவில்லை?

சிங்கப்பூரில் இலக்கியம் படிக்க எனக்கு இடம் கிடைத்தது. உபகாரச் சம்பளமும் கிடைத்தது. விடுமுறைகளுக்கு மலாக்கா வருவேன். நாடு சுதந்திரம் பெற்றதை அடுத்து வந்த விடுமுறை ஒன்றில், பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கில நகைச்சுவை நாடகம் ஒன்றுக்குக் குறிப்பு எழுத வேண்டியிருந்தது. அதில் ஒரு பாத்திரம் இன்னொன்றை 'போல்ட்ரூன்' என்று ஏசுகிறது. கோழை என்பது சூழலிலேயே தெரிந்தது. ஆனால் ஆங்கிலத்தில் கோழைக்குப் பல சொற்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனி நிறம், தனி எடை. சரியான நிறம் தெரியாமல் எழுதுவது எனக்குப் பிடிக்காது. நாட்டைவிட்டுப் புறப்பட்ட ஏதோவொரு துரைவீட்டுப் புத்தகங்கள் பண்டார் ஹிலிரில் ஒரு பழைய சாமான் கடையில் குவிந்து கிடந்தபோது, முதுகுத் தோல் உரிந்த ஓர் அகராதியை வாங்கி வந்திருந்தேன். அப்பாவின் கடைப் பின்பெஞ்சில் உட்கார்ந்து அதைப் புரட்டினேன்.

போல்ட்ரூன்: கோழை, அற்பப் பயங்கொள்ளி. அதன் கீழே சிறிய எழுத்தில் சொல்லின் பிறப்பு. லத்தீனில் 'பொல்லிசே ட்ரங்குஸ்' என்பதிலிருந்து வந்ததாம். கட்டைவிரல் வெட்டப்பட்டவன் என்று பொருள். பழைய ரோமாபுரியில் போருக்குப் போக அஞ்சியவர்கள், வாளோ வில்லோ பிடிக்க முடியாதபடி தம் கட்டைவிரலைத் தாமே வெட்டிக்கொண்டார்கள் என்று அகராதி விளக்கியிருந்தது.

அந்த வரியை இரண்டு முறை படித்தேன். நிமிர்ந்தபோது அப்பா எனக்கு முதுகு காட்டி நின்று தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தார். குவளையின் காதுக்குள் நான்கு விரல்களை நுழைத்து, மணிக்கட்டால் மேலே தூக்கி, கீழே இறக்கி. யுத்தம், தோட்டம், உளி என்று எனக்குத் தெரிந்த மூன்று சொற்களும் அந்தச் சிறிய எழுத்து வரியின் பக்கத்தில் தாமாகவே வந்து நின்றன. சயாமில் ரயில் பாதை போட ஜப்பானியர்கள் தோட்டங்களிலிருந்து ஆள் பிடித்துப் போனதும், போனவர்களில் பெரும்பாலோர் திரும்பாததும் இங்கே எல்லா வீடுகளிலும் தெரிந்த கதை. அப்பா போகவில்லை என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது. ஏன் போகவில்லை என்று நான் கேட்டதில்லை.

"என்னம்மா, அப்படிப் பாக்குற?" திரும்பாமலே கேட்டார்.

"ஒரு சொல்லுக்கு அர்த்தம் பார்த்தேன்பா."

"என்ன சொல்லு?"

"கோழை."

குவளை ஒருமுறை மேலே போய் வந்தது. "இங்கிலீசுல அதுக்கு நெறையச் சொல்லு இருக்கா?"

"நிறைய இருக்குப்பா."

"நம்மகிட்ட ஒண்ணே போதும்" என்றார்.

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. என் இயல்பு அது என்று சொல்லிக்கொண்டேன்.

அந்த வாரமே ஒரு கடிதம் வந்தது. உபகாரச் சம்பளம் தொடர வேண்டுமானால், தந்தை இந்நாட்டுக் குடிமகனாகப் பதிந்துகொண்டதற்குச் சான்று அனுப்ப வேண்டும். ஊரே அப்போது பதிந்துகொண்டிருந்தது. நகரத்துப் பள்ளி ஒன்றின் வகுப்பறைகளில் மேசை போட்டு, கெராணிகள் எனப்படும் எழுத்தர்கள் உட்கார்ந்து, தோட்டம் தோட்டமாக லாரியில் வரும் நம் மக்களுக்கு விண்ணப்பப் பாரம் நிரப்பிக் கொடுத்தார்கள். அப்பா மட்டும் போகாமல் இருந்தார். மழை என்றார், கடையில் ஆள் இல்லை என்றார், அடுத்த வாரம் என்றார். கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் கைநாட்டு வைக்க வேண்டும் என்பதுதான் காரணம் என்று எனக்கு மெல்ல மெல்லப் புரிந்தது. விரல் போன நாளிலிருந்து அவர் பேனாவைத் தொட்டதில்லை. அந்தச் சாய்ந்த எழுத்தை எழுதியவர் கைநாட்டு வைக்க வேண்டும். அதற்கும் வலது கட்டைவிரல் இல்லை. எங்கே என்று கேட்பார்கள்.

கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"நாளைக்குப் போவோம்" என்றார்.

வரிசை பள்ளியின் முன்நடையைத் தாண்டி நீண்டிருந்தது. எங்களுக்குப் பின்னால் நான்கைந்து பேர் தள்ளி அஞ்சலையக்கா நின்றிருந்தார். கச்சான் தட்டு இல்லாமல் அவரைப் பார்ப்பது ஏதோ நகை இழந்தவரைப் பார்ப்பதுபோல் இருந்தது. "தங்கச்சி, இந்தப் போரத்துல என் வயசு என்னன்னு போட்டிருக்கான், பாத்துச் சொல்லு. கூடப் போட்டிருந்தா சண்டைதான்" என்று என்னிடம் காகிதத்தை நீட்டினார். வரிசையில் சிரிப்பு எழுந்தது. அப்பா முன்னால் பார்த்தபடியே நின்றார்.

மேசைக்குப் பின்னால் என்னைவிட நான்கைந்து வயது மூத்த ஒரு மலாய் இளைஞர் இருந்தார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. அப்பாவின் மலாய் என்னுடையதைவிட நூறு மடங்கு நல்லது. ஆங்கிலப் பாரத்துக்கு உதவியாகத்தான் நான் பக்கத்தில் நின்றேன். பெயர், பிறந்த ஊர், இந்நாட்டுக்கு வந்த ஆண்டு. எல்லாம் தடையின்றி முடிந்தது. 'கையெழுத்தா, கைநாட்டா' என்று அவர் கேட்டார். அப்பாவின் பார்வை மைப்பெட்டிக்குப் போயிற்று. கெராணி அதை அவர் பக்கம் தள்ளி வைத்து, வலது 'இபு ஜாரி'யைக் கொடுங்கள் என்றார். கட்டைவிரலை இவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள், விரல்களின் தாய். அப்பா துண்டை எடுத்துவிட்டுக் கையை மேசைமேல் வைத்தார். பகல் வெளிச்சத்தில், நடுவில், எல்லோரும் பார்க்க அந்தக் கையை நான் கண்டது அதுவே முதல் முறை.

கெராணி திடுக்கிட்டார். பிறகு அவர் முகம் மாறியது. குரலைத் தாழ்த்தி, "ஜெப்புன்?" என்று கேட்டார். ஜப்பான்காரனா என்று அர்த்தம். பதிலுக்குக் காத்திராமல் பக்கத்து மேசைக்காரரிடம் திரும்பி, ஜப்பான்காரர்கள் இவர் விரலை வெட்டிவிட்டார்கள் என்று சொன்னார். பக்கத்து மேசைக்காரர் எழுந்து வந்து பார்த்தார். "ஓராங் பெரானி" என்றார். வீரர் என்று பொருள். இளைஞர் எழுந்து நின்று, தம் இரு கைகளாலும் அப்பாவின் அந்தக் கையைத் தொட்டு, இவ்வூர் முறைப்படி தம் கைகளை நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. அப்பா பேசாமல் நின்றால் போதும். அவர் வாழ்நாள் முழுதும் எதைத் துண்டுக்குள் மூடி வைத்திருந்தாரோ, அதற்கு ஓர் அந்நியர் தாமாகவே மாலை போட்டுவிட்டார். எனக்கு என்ன தோன்றியது என்பதை இங்கே உள்ளபடி எழுதிவிடுகிறேன். அப்பா தலையசைத்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். சான்றிதழை வாங்கிக்கொண்டு வெயிலுக்குள் போய்விடலாம்.

"புக்கான், துவான்" என்றார் அப்பா. இல்லை, ஐயா. "சாயா பொத்தோங் செண்டிரி." நானேதான் வெட்டிக்கொண்டேன்.

கெராணிக்குப் புரியவில்லை என்று நினைத்தோ என்னவோ, அப்பா மறுபடி மெதுவாகச் சொன்னார். சயாமுக்குக் கொண்டுபோகும் பட்டியலில் பெயர் வந்தது. போகப் பயம். பெரட்டுக்கு, அதாவது காலைக் கணக்கெடுப்புக்கு, ஆள் எடுக்கும் முன் விடியற்காலையில், மரத்தில் கையை வைத்து உளியால் வெட்டிக்கொண்டேன். 'தாக்குட்' என்ற சொல்லை அவர் இரண்டு முறை சொன்னார். பயம், பயம். பிறகு பின்னால் திரும்பாமல், ஆனால் பின்னால் நிற்பவர்களுக்கும் கேட்கும்படி, தமிழில் சொன்னார்: "எனக்குப் பதிலா காத்தமுத்துவப் பிடிச்சிட்டுப் போனான். அவரு வரல."

காத்தமுத்து யார் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை. வரிசையில் எல்லோரும் அஞ்சலையக்காவைப் பார்த்தார்கள்.

அவர் தம் இடத்தை விட்டு நகரவில்லை. பாரத்தை நான்காக மடித்துக்கொண்டிருந்தார். "எனக்குத் தெரியும்ணே" என்றார். குரலில் கோபம் இல்லை. காலையில் தேநீர் கேட்கும் அதே குரல். "நம்ம லயத்து வீடுங்கள்ல தெரியாதவங்க யாரு? நீங்க கையக் கட்டிக்கிட்டு வந்த அன்னைக்கு அவரும் உளிய எடுத்தாரு. நான்தான் பிடுங்கி அடுப்புக்குள்ள போட்டேன். பிடி எரிஞ்சே போச்சு. வெரல் இல்லாதவன் மரம் வெட்ட முடியுமா, பிள்ளைங்க எதைத் திங்கும்னு கேட்டேன். ரயில் ரோட்டு வேலைதானே, ஆறு மாசத்துல வந்துருவீங்கன்னு நான்தான் சொன்னேன்."

அப்பா திரும்பினார்.

"இத்தனை வருசமா நீங்க என் மொகத்தப் பாக்கல. நானும் உங்க கையப் பாக்கல. பாத்தா என் அடுப்புதான் ஞாபகம் வரும்" என்றார் அஞ்சலையக்கா. பிறகு மடித்த பாரத்தைப் பிரித்துத் தொடையில் வைத்து நீவினார். "சரி, நவுருங்க. வெயிலு ஏறுது. ஆறு மணிக்குப் படம் விடுறான், எனக்குக் கச்சான் வறுக்கணும்."

கெராணிக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அவர் பேனாவைக் கீழே வைத்திருந்தார். பாரத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இதை எழுத இந்தப் பாரத்தில் இடம் இல்லை, பாச்சிக் என்றார். அதுவரை, தமிழர்களை இங்கே பொதுவாக அழைப்பதுபோல் 'ஆனே' என்றவர், அப்போது பாச்சிக் என்றார். சித்தப்பா, பெரியப்பா முறைக்கு அழைப்பது. இடது கட்டைவிரல் போதும் என்று மைப்பெட்டியைத் திருப்பி வைத்தார்.

அப்பா மைப்பெட்டியைத் தொடவில்லை. "பேனா" என்றார். சுட்டுவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் அதைச் செருகிக்கொண்டார். முதல் எழுத்து தாளைக் கீறியது. இரண்டாவது எழுத்து நடுங்கி வலப்பக்கம் சாய்ந்தது. அந்த 'ழ'வின் சுழி நீண்டு, அடுத்த எழுத்துக்கு அடியில் ஓடிற்று. தகரப் பெட்டியின் முதல் கட்டில், என் சுட்டுவிரல் எத்தனையோ முறை நடந்து பார்த்த அதே பாதை. அம்மா பார்த்திருந்தால் ஒரே பார்வையில் அடையாளம் கண்டிருப்பாள்.

இங்கே ஒரு திருத்தத்தைப் பதிவு செய்ய வேண்டும். மலாக்காவில் எழுதத் தொடங்கிய இதை நான் சிங்கப்பூரில் முடிக்கிறேன். இங்குள்ள நூலகத்தில், பல தொகுதிகளாக விரியும் பெரிய அகராதியில் அந்தச் சொல்லை மறுபடி தேடினேன். கட்டைவிரல் கதையை அறிஞர்கள் எப்போதோ தள்ளிவிட்டார்கள். யாரோ ஒரு பண்டிதர், ஒலி ஒற்றுமையை வைத்துக் கட்டியது அது. சொல் உண்மையில் இத்தாலிய மொழியிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்திருக்கிறது. படுக்கையை விட்டு எழாதவன் என்று சிலர் சொல்கிறார்கள். பழக்கப்படாத, மிரளுகிற குதிரைக்குட்டி என்று வேறு சிலர். அதில் கத்தியும் இல்லை, விரலும் இல்லை. என் பழைய அகராதியின் ஓரத்தில் இதை எழுதி வைத்திருக்கிறேன். விரலை வெட்டிக்கொண்டவர்களை அந்தச் சொல்லோடு சேர்த்துக் கட்டியவர், ஒரு தோட்டத்தின் விடியற்காலையில் நின்றிருக்க வாய்ப்பில்லை.

அப்படியானால் கோழைத்தனம் எங்கே இருந்தது என்று கேட்டால், என்னிடம் ஒரு பதில்தான் இருக்கிறது. அது எனக்கும் வசதியானதல்ல. அன்று மேசையை விட்டு வந்ததும் பள்ளி மரத்தடியில் சிறிது உட்கார்ந்தோம். அப்பா தாமாகவே பேசினார்.

"ராவுத்தர்கிட்டச் சொல்லணுமே. உங்கம்மா படிச்சாத் தாங்கியிருப்பா. அவ படிக்கிறதுக்கு முன்னாடி ராவுத்தர் எழுதணுமே. வாயி வரல. ஊருக்கு வந்தா, கையப் பாத்து அவ கேப்பா. அதான் வரல." பிறகு, "எழுத்து மாறினதும் உங்கம்மா என்ன நினைச்சா?" என்று கேட்டார்.

"ஒண்ணும் நினைக்கலப்பா" என்றேன்.

அவர் நிம்மதியாகத் தலையசைத்தார். எல்லோர் முன்பும் அவர் உண்மையைச் சொல்லிக் கால்மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை. இந்தப் பத்திரிகை காஜா பெராங்குக்கு வரும்; ராவுத்தர் கடையில் எப்போதும் ஒரு பிரதி கிடக்கும். அப்பா தமிழ் நன்றாகப் படிப்பார். அம்மா என்ன நினைத்தாள் என்பதை மேலே எழுதியிருக்கிறேன். நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை; எழுத்தில் வந்திருக்கிறது. மன்னித்துவிடுங்கள், அப்பா.

"அந்த வெரல் எங்கப்பா?" என்று மட்டும் அன்று கேட்டேன்.

"என் நிரையில கடைசி மரம். அடியிலேயே பொதச்சிட்டேன்" என்றார். நிரை என்பது ஒருவர் அன்றாடம் வெட்ட வேண்டிய மரவரிசை. அந்த மரங்கள் இன்னும் பால் கொடுக்கின்றனவாம். அம்மாவின் சாம்பலை நான் நாகப்பட்டினத்துக் கடலில் கரைத்தேன். அப்பாவின் விரல் மலாக்காவின் மண்ணில் இருக்கிறது. எந்தக் கரையை ஊர் என்று சொன்னாலும் மறு கரையில் எங்களுடையது ஒன்று பாக்கியாகக் கிடக்கும்.

பள்ளி வாசலைத் தாண்டும்போது ஒரு மலாய் மூதாட்டி, கையில் கூடையோடு, அப்பாவை நிறுத்திப் பேருந்து நிலையத்துக்கு வழி கேட்டார். அப்பாவின் இடக்கை பழக்கத்தால் துண்டைத் தேடிற்று. துண்டு அவர் தோளில் இல்லை. மேசையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். இனி அவருடன் நடக்கத் தொடங்குவார் என்று நான் காத்திருந்தேன். அவர் நடக்கவில்லை. வலக்கையை உயர்த்தி, நான்கு விரல்களை உள்ளங்கைக்குள் மடக்கி, உடம்பைச் சற்றே வளைத்து, சாலையின் கோடியை நோக்கி நீட்டினார். மூதாட்டி அந்தக் கையை ஒரு கணம் பார்த்தார். பிறகு "தெரிமா காசே" என்று நன்றி சொல்லி, இல்லாத அந்த விரல் காட்டிய பக்கம் சரியாகத் திரும்பி நடந்தார். அந்தச் சாலையின் முடிவில் பேருந்து நிலையம் இருந்தது. அதற்கும் அப்பால், வெயிலில் கண் கூச, கடல்.